பத்துப் பிடி உப்பு

பிப்ரவரி 3

அண்ணி,

மூன்று முறை ஃபோன் செய்தேன். மூன்று முறையும் எடுத்து, ஒன்றும் பேசாமல் அண்ணன் கையில் கொடுத்தீர்கள். அவர் "ம்" என்றார். "சரி" என்றார். கடைசியில் "உங்க அண்ணி குளத்துப் பக்கம் போயிருக்கா" என்றார். பின்னால் நீங்கள் பாத்திரத்தை வைக்கும் சத்தம் கேட்டது. கோபத்தோடு வைக்கும் சத்தம். எனக்குத் தெரியும்.

அதனால் எழுதுகிறேன்.

என் ஆய்வேட்டைப் படித்த வெளித்தேர்வாளர் ஏழு கேள்விகள் அனுப்பியிருக்கிறார். ஆறுக்கு என்னிடம் பதில் உண்டு. ஏழாவதுக்கு உங்களிடம்தான் இருக்க வேண்டும்.

உங்கள் கொட்டகையில் நான் வைத்த பதினெட்டுத் தொட்டிகள். ஆறில் நன்னீர், ஆறில் உவர்நீர், ஆறில் கடல்நீர். எல்லாவற்றிலும் கொடுவா மீன், தொட்டிக்கு இருபது. ஒவ்வொரு தண்ணீரிலும் மூன்று வகைத் தீவனம்: உப்பில்லாதது, நூற்றுக்கு இரண்டு பங்கு உப்பு, நான்கு பங்கு உப்பு. எண்பத்து நான்கு நாட்கள். இது உங்களுக்குத் தெரியும். தெரியாதது இதுதான். நன்னீரில் வாழும் கொடுவா தன் உடம்பு உப்பைத் தண்ணீரிடம் இழந்துகொண்டே இருக்கும். இழந்ததை மீட்கவே அதன் பலத்தில் ஒரு பங்கு போய்விடும். தீவனத்தில் உப்பு இருந்தால் அந்தப் பலம் மிஞ்சும், மீன் வளரும். கடல்நீரில் இந்த லாபம் இல்லை. இதைப் பலர் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நானும் பார்ப்பேன் என்று நினைத்தேன்.

பார்க்கவில்லை. என் நன்னீர்த் தொட்டிகளில் மூன்று தீவனத்துக்கும் ஒரே வளர்ச்சி. வரைபடத்தில் மூன்று கோடுகள், ஒன்றின்மேல் ஒன்று. அதையே கண்டுபிடிப்பாக எழுதினேன். "நன்னீரிலும் தீவனத்தில் உப்பு தேவையில்லை." பேராசிரியருக்குப் பிடித்தது. ஒரு தீவன ஆலையிலிருந்து வந்து கேட்டுக்கொண்டு போனார்கள். தேர்வாளருக்கு மட்டும் பிடிக்கவில்லை. "தொட்டிகளைத் தினமும் கவனித்தவர் யார்? அவரிடம் விசாரித்தீர்களா?"

விசாரிக்கிறேன். தீவன டப்பாக்களை மாற்றிப் போட்டீர்களா? அவசரத்தில். அல்லது கோபத்தில். எதுவானாலும் சொல்லுங்கள்.

மார்ச் 20 வாய்மொழித் தேர்வு. எனக்குப் பட்டம் உண்டா இல்லையா என்பது இந்த ஏழாவது கேள்வியில் இருக்கிறது.

நாத்தனார்


பிப்ரவரி 8

டாக்டரம்மாவுக்கு,

இன்னும் ஆகவில்லை என்று தெரியும். இப்போதே பழகிக்கொள்கிறேன்.

எழுத்தில் கேட்டது நல்லதாகப் போயிற்று. வாயால் சொன்னதை நீ மறுநாளே மாற்றிவிடுவாய். இப்போது தாள் என் கையில் இருக்கிறது. "கோபத்தில்" என்று உன் கையாலேயே எழுதியிருக்கிறாய். என் கோபத்தை மீனிடம் காட்ட எனக்கென்ன தலையெழுத்து? உன்னிடம் காட்டத் தெரியாதவளா நான்?

வெள்ளை மூடி, உப்பில்லாதது. மஞ்சள் மூடி, இரண்டு. சிவப்பு மூடி, நான்கு. தொட்டி எண்களை நீ தாளில் எழுதி ஒட்டிவிட்டுப் போனாய். கொட்டகை ஈரத்தில் மூன்றாம் நாளே எழுத்து கரைந்து வழிந்தது. உனக்குச் சொல்லவில்லை. மூடியின் நிறத்திலேயே துணி கிழித்து ஒவ்வொரு தொட்டி விளிம்பிலும் நான்தான் கட்டினேன். ஒரு டப்பாவைத் தொட்ட கையைக் கழுவித் துடைக்காமல் அடுத்த டப்பாவைத் தொட்டதில்லை. காலையும் மாலையும். எண்பத்து நான்கு நாள். உன் அண்ணன் வாசலில் நின்று, "தீனி போடறியா, ஆபரேஷன் பண்றியா?" என்று கேட்டார். ஏழாவது வாரம் காய்ச்சல். சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் போட்டேன்.

உன் பேராசிரியர் இரண்டு ஆட்களோடு கொட்டகையைப் பார்க்க வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? நான் முழங்கை வரைக்கும் ஈரமாக நின்றிருந்தேன். "இவங்க யாரு?" என்று கேட்டார். நீ என்ன சொன்னாய்?

"தொட்டி பாத்துக்கறவங்க சார்."

அண்ணி. மூன்றே எழுத்து. அதுகூட உன் வாயில் வரவில்லை. தொட்டி பார்த்துக்கொள்பவளிடம் என்ன விசாரணை வேண்டியிருக்கிறது? தொட்டியிடமே போய்க் கேள்.

அண்ணி


பிப்ரவரி 12

அண்ணி,

நான் சொன்னது ஞாபகம் இருக்கிறது. நீங்கள் சொன்னதும்.

உறவுக்காரர்கள் இருபது பேர் நடுவில், கூடத்தில். "இவ வயசுப் பொண்ணுங்க எல்லாம் பிள்ளைக்குச் சோறூட்டிக்கிட்டு இருக்கு. இவ மீனுக்குப் பத்தியம் போட்டுக்கிட்டு இருக்கா." எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சத்தம் வராமல் சிரித்தார், தோள் மட்டும் குலுங்கியது. நல்ல ஜோக்தான். வேறு யாரையாவது பற்றியதாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

என் அறையைத் தீவனக் கிடங்காக்கினீர்கள். நான் படித்த மேஜைமேல் தவிட்டு மூட்டை. ஜன்னல் அலமாரியில் மீன்தூள். என் புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டீர்கள். இன்னும் அவற்றைத் திறந்தால் மீன்வாடைதான்.

இதெல்லாம் இருக்கட்டும். டப்பா மாறவில்லை என்கிறீர்கள். நம்புகிறேன். நம்ப முயல்கிறேன்.

தேர்வாளர் மறுபடியும் எழுதியிருக்கிறார். பதினெட்டுத் தொட்டி, முந்நூற்று அறுபது மீன், எண்பத்து நான்கு நாட்களில் ஒன்றுகூடச் சாகவில்லை என்று என் அட்டவணை சொல்கிறது. பதினான்கு நாளுக்கு ஒருமுறை வலையில் பிடித்து எடை போட்ட மீன்கள். நன்னீரில் இப்படி நடக்காது, யார் கொட்டகையிலும் நடந்ததில்லை என்கிறார். செத்ததை எடுத்துவிட்டு வேறு மீன் போட்டிருப்பார்களோ என்று கேட்கிறார்.

நானும் கேட்கிறேன். பக்கத்துக் குளத்தில் அதே வயது மீன்கள் இருந்தன. கை நீட்டினால் போதும். செத்த மீனைக் காட்டினால் நான் கத்துவேன் என்று பயந்திருக்கலாம். கத்தியிருப்பேன்தான். இப்போது கத்த மாட்டேன். எத்தனை மாற்றினீர்கள், எந்தத் தொட்டியில். அவ்வளவு போதும்.

நாத்தனார்


பிப்ரவரி 17

டாக்டரம்மாவுக்கு,

முதலில் கோபக்காரி. இப்போது திருடி. அடுத்த கடிதத்துக்கு என்ன மிச்சம் வைத்திருக்கிறாய்?

உன் மீன் ஏன் சாகவில்லை என்றுதானே கேட்கிறாய். சொல்கிறேன். உன் தேர்வாளருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டு.

எடை நாளில் நீ காலைப் பேருந்தில் வந்து இறங்குவாய். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் கொட்டகைக்குள் போவாய். உப்பளக்கும் மீட்டரைத் தண்ணீரில் விட்டு எண்ணைக் குறிப்பாய். பிறகு வலை. பிறகு தராசு. ஒவ்வொரு மீனும் ஈரத்துணியில் கிடந்து துள்ளும், நீ எண் சொல்லுவாய், எழுதுவாய். கடைசி மீன் தொட்டிக்குள் விழும்போது உன் பை தோளில் இருக்கும். பன்னிரண்டு மணிப் பேருந்து. என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை.

நீ போன பிறகு அந்த மீன்கள் எப்படி இருக்கும் என்று நீ பார்த்ததே இல்லை. மூலையில் அடைந்துகொண்டு நிற்கும். செதில் உதிர்ந்திருக்கும். உடம்பின் வழவழப்பு வலையோடு போயிருக்கும். தீனி போட்டால் திரும்பிப் பார்க்காது. ஒரு மணி நேரம் விட்டு, நன்னீர்த் தொட்டி ஒவ்வொன்றுக்கும் பத்துப் பிடி கல்லுப்பு போடுவேன். ஒரே இடத்தில் கொட்டாமல் பரவலாக. மாலையில் மூலையை விட்டு வெளியே வந்திருக்கும். மறுநாள் பழையபடி தின்னும்.

உவர்நீருக்கும் கடல்நீருக்கும் தேவையில்லை. அதில்தான் உப்பு இருக்கிறதே. நன்னீர் ஆறு தொட்டிக்கு மட்டும். தொட்டியில் விட்ட நாளிலிருந்து ஆறு எடைக்கும் ஆறு முறை; ஏழாவது கடைசி எடை, அதற்குப் போடவில்லை. வலை போட்ட நாளில் இந்தப் பண்ணையில் உப்பு போடாமல் இருந்ததில்லை. குஞ்சு கொண்டுவரும் லாரி டிரைவரே போடுவார்.

நீ சொல்லாமலே செய்தேன். அதனால்தான் ஒன்றுகூடச் சாகவில்லை. மாற்றவும் இல்லை, மறைக்கவும் இல்லை. நன்றியெல்லாம் வேண்டாம். திருடி என்று சொல்லாமல் இருந்தால் போதும்.

அண்ணி


பிப்ரவரி 20

அண்ணி,

நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்தேன். பிறகு மறுபடியும் முதலிலிருந்து.

நன்னீர். நூற்று எழுபது பக்கங்களில் எத்தனை முறை எழுதியிருப்பேன். அப்படி ஒன்று அந்தக் கொட்டகையில் இருக்கவே இல்லை.

உப்பில்லாத தீவனம் தின்ற மீனுக்குத் தண்ணீரில் உப்பு கொடுத்திருக்கிறீர்கள். மூன்று கோடுகளும் ஒன்றாகப் போனது அதனால்தான். தினமும் கால் பங்கு தண்ணீரை மாற்றினீர்கள், நான் சொன்னபடி, ஒருநாள்கூடத் தவறாமல். ஒவ்வொரு நாளும் உப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, பதினான்காம் நாள் நான் மீட்டரோடு வரும்போது ஒன்றும் மிச்சமில்லை. மீட்டர் பொய் சொல்லவில்லை. நான் இல்லாத நாட்களில்தான் எல்லாம் நடந்திருக்கிறது.

மூன்று வருட உழைப்பு.

ஏன் சொல்லவில்லை? ஒரு வார்த்தை. வாசலில், வழியில், அண்ணனிடமாவது. நீ கேட்கவில்லை என்பீர்கள். ஆமாம், கேட்கவில்லை. நன்னீர்த் தொட்டியில் உப்பு போட்டீர்களா என்று யாராவது கேட்பார்களா? அடுத்தவர் சோதனையில் கைவைக்கலாமா என்று உங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லையே. உங்கள் இரக்கத்தில் என் ஆய்வு செத்துவிட்டது. அது ஒன்றுதான் உங்கள் கையில் செத்தது.

இதைப் பற்றி யாரிடமாவது பேசினீர்களா? பேசியிருந்தால் நிறுத்துங்கள்.

இதோடு ஒரு தாள் இருக்கிறது. தேர்வாளருக்குத் தொட்டிகளைக் கவனித்தவரின் உறுதிமொழி வேண்டுமாம். நானே எழுதிவிட்டேன். "தொட்டிகளில் வெளியிலிருந்து எதுவும் சேர்க்கப்படவில்லை." கீழே கோடு இருக்கிறது. கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அதன்பிறகு உங்கள் வாசலை மிதிக்க மாட்டேன். உங்களுக்கு வேண்டியதும் அதுதானே.

நாத்தனார்


பிப்ரவரி 26

டாக்டரம்மாவுக்கு,

தாளை அப்படியே திருப்பி அனுப்புகிறேன். கோடும் அப்படியே இருக்கிறது.

நான் வேண்டுமென்று செய்யவில்லை. உன் கடிதம் வந்த பிறகு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. இதை உன்னிடம் சொல்ல வேண்டிய அவசியமில்லை. எழுதிவிட்டேன், அடித்தால் தாள் அசிங்கமாகிவிடும், இருக்கட்டும்.

உலை வைத்தவளிடம் போய்ப் பானையில் தண்ணீர் ஊற்றினாயா என்று யாரும் கேட்பதில்லை. அவளும் ஊற்றினேன் என்று ஊருக்குச் சொல்வதில்லை. எனக்கு அந்த உப்பு அப்படித்தான். அதை ஒரு காரியம் என்றே நான் நினைத்ததில்லை. உனக்கும் தெரிந்திருக்கும் என்று இருந்துவிட்டேன். நீ இந்தப் பண்ணையில் பிறந்தவள். நான் வாழ வந்தவள். உப்பு மூட்டை கொட்டகை வாசலிலேயே சாய்ந்து கிடந்தது. அதைத் தாண்டித்தான் ஏழு முறையும் உள்ளே போனாய். ஒருமுறை உன் பை அதில் மாட்டிக் கிழிந்ததுகூட.

கையெழுத்து விஷயம். அந்தத் தாளில் எனக்கு நீ வைத்திருக்கும் பெயர் "பண்ணை உதவியாள்". எதுவும் சேர்க்கவில்லை என்பது இன்னொன்று. இரண்டும் பொய். கேட்கிற மாதிரி கேட்டிருந்தால் ஒரு பொய்க்குப் போட்டிருந்தாலும் போட்டிருப்பேன். இரண்டுக்கும் சேர்த்து ஒரு கையெழுத்து முடியாது.

போய்ச் சொல்லிவிடு அவரிடம். உப்பு விழுந்துவிட்டது, பார்க்கவில்லை என்று. தலையையா எடுத்துவிடுவார்?

அண்ணி


மார்ச் 4

அண்ணி,

உங்கள் கையெழுத்து இனித் தேவையில்லை. அண்ணன் போட்டுவிட்டார். பண்ணை அவர் பெயரில் இருக்கிறது, அது போதும். தேர்வாளருக்கு அனுப்பியும் விட்டேன்.

பேருந்து நிலையத்துக்கு வந்தார். வண்டியை விட்டு இறங்கவில்லை. பெட்ரோல் டாங்கின் மேல் தாளை வைத்துக்கொண்டார்.

"இதுல ஏதாவது வில்லங்கம் இருக்கா?"

"இல்லண்ணா."

"உங்க அண்ணிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

உண்மைதானே.

"அப்ப சரி. ரெண்டு பேரும் எப்படியோ அடிச்சுக்குங்க. சாப்பாட்டு நேரத்துல மட்டும் வேணாம்."

போட்டார். தாளில் வண்டியின் சூடு இருந்தது.

திரும்பும் வழியெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். எடைகள் உண்மை. நீளங்கள் உண்மை. கூட்டல் கழித்தல் உண்மை. ஒரே ஒரு சொல்தான் தவறு. நூற்று எழுபது பக்கத்தில் ஒரு சொல். யார் புத்தகத்தில் ஒரு சொல் தவறு இல்லை? ஜன்னலில் என் முகம் தலையாட்டிக்கொண்டே வந்தது.

நீங்கள் தோற்றுவிட்டீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுத ஆரம்பித்தேன். இப்போது வேறு மாதிரி இருக்கிறது. இந்த விஷயத்தை நான் எழுதிக் காட்டக்கூடிய ஆள் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

பதில் போட வேண்டாம்.

நாத்தனார்


மார்ச் 9

டாக்டரம்மாவுக்கு,

பதில் போடுகிறேன்.

உன் அண்ணனிடம் கேட்டேன்.

"என்னத்துல கையெழுத்துப் போட்டீங்க?"

"தங்கச்சி காகிதம்."

"என்ன எழுதியிருந்துச்சு?"

"பொடி எழுத்து. கண்ணாடி எடுத்துட்டுப் போகல."

"கேட்டீங்களா?"

"உனக்குத் தெரியும்னா."

பதினோரு வருடத்தில் அவர் அந்தக் கொட்டகைக்குள் நுழைந்தது இரண்டு தடவை. இரண்டு தடவையும் நிலையில் தலையை இடித்துக்கொண்டார். அவர் சாட்சி சொல்கிறாராம், தண்ணீரில் என்ன விழுந்தது என்று. மூன்று நாளாக இந்த வீட்டில் அவரோடு பேச்சில்லை. அவருக்கு அது இன்னும் தெரியவில்லை. அமைதியாக இருக்கிறது என்று சந்தோஷமாக இருக்கிறார்.

நீ விட்டுவிட்டுப் போன தராசு என்னிடம் இருக்கிறது. என் பிடியை அதில் வைத்துப் பார்த்தேன். இருபது முறை அள்ளி இருபது முறை வைத்தேன். மிகச் சிறியது எழுபத்தேழு கிராம். பெரியது தொண்ணூற்று மூன்று. சராசரி எண்பத்து நான்கு. பத்துப் பிடிக்கு எண்ணூற்று நாற்பது. தொட்டிக்கு முந்நூறு லிட்டர். ஆக லிட்டருக்கு மூன்று கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. ஆறு தேதிகளையும் காலண்டரைப் பார்த்து எழுதினேன். நான்காம் எடையன்று ஐந்தாம் தொட்டிக்கும் ஆறாம் தொட்டிக்கும் எட்டுப் பிடிதான் போட்டேன், மூட்டை தீர்ந்துவிட்டது. அதையும் எழுதினேன். எழுதித் தேர்வாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். முகவரியை உன் தாளின் தலைப்பில் நீயே அச்சடித்திருந்தாய், திருப்பி அனுப்பும் முன் குறித்துவைத்தேன்.

அனுப்பிய பிறகு உனக்குச் சொல்கிறேன். முன்பே சொன்னால் நீ அழுவாய். அழுதால் நான் அனுப்பியிருக்க மாட்டேன்.

போன வாரம் குஞ்சு வாங்க ஒருவர் வந்தார். நன்னீர்க் குளம் வைத்திருப்பவர். "கொடுவாக்கு உப்புத் தீவனம் வீணாமேம்மா. படிச்சவங்களே ஆராய்ச்சி பண்ணிச் சொல்லிட்டாங்களாம். ஆலைக்காரர் சொன்னார்" என்றார். அது உன் பேச்சு. நான் போட்ட உப்பில் நீ எழுதிய பேச்சு. அவர் உப்பில்லாத தீவனத்தை வாங்கிப் போய் உப்பில்லாத தண்ணீரில் போடப்போகிறார். மீன் வளராது. அவர் தன் கையைத்தான் நொந்துகொள்வார்.

என் பங்குத் தப்பை எழுதிவிட்டேன். உன் பங்குப் பொய்யைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. இரண்டு தாளும் அவர் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மற்றது உன் பாடு.

அண்ணி


மார்ச் 28

அண்ணி,

முடிந்தது.

நீள மேஜை. ஐந்து நாற்காலி. யாரும் தொடாத தண்ணீர்க் குவளைகள். தேர்வாளர் ஆறு கேள்விகளை வேகமாகக் கேட்டு முடித்தார். பிறகு இரண்டு தாள்களை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். ஒன்றில் அண்ணனின் கையெழுத்து. மற்றது உங்களுடையது, கோடு போட்ட நோட்டுத் தாள், நான்கு பக்கம்.

"இதுல எதும்மா உண்மை?"

ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தேன். எங்க வீட்டுத் தகராறு சார், என் மேல இருக்கற கோபத்துல எழுதினது. பேருந்தில் பத்து முறை சொல்லிப் பார்த்திருந்தேன். பேராசிரியரும் அதைத்தான் எதிர்பார்த்தார், கண்ணாலேயே சொன்னார். சொல்லியிருந்தால் எடுபட்டிருக்கும். நாத்தனார், அண்ணி. யார் நம்ப மாட்டார்கள்?

உங்கள் தாளில் ஓரிடத்தில் அவர் கோடிட்டிருந்தார். எட்டுப் பிடிதான், மூட்டை தீர்ந்துவிட்டது.

பழிவாங்க எழுதுபவர் அந்த இரண்டு பிடியைக் குறைத்திருக்க மாட்டார். எனக்கே தெரிந்தது. அவருக்குத் தெரியாதா?

உங்கள் தாளைக் காட்டினேன்.

பிறகு அவர் கேட்டார். "எடை எடுத்து முடிச்சதும் நீங்க ஏன் அங்க நிக்கல?" அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆய்வேட்டில் எழுதக்கூடிய பதில் இல்லை.

உவர்நீர், கடல்நீர் முடிவுகள் நிற்கும். நன்னீர்ப் பகுதியை முழுவதும் மறுபடி செய்ய வேண்டும், என் கையால், என் கண்முன்னால். அதற்குப் பிறகுதான் பட்டம். எப்படியும் ஒரு வருடம். பேராசிரியர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆலைக்காரர்களுக்கு நானே எழுதினேன், நான் சொன்னது தவறு, தீவனத்தை மாற்றாதீர்கள் என்று. நல்ல காகிதத்தில் சுற்றி என் மானத்தை அனுப்பியது போல இருந்தது. அண்ணனின் தாளைத் தேர்வாளர் என்னிடமே திருப்பித் தந்தார். மன்னிப்பு மாதிரி இல்லை. எச்சில் தட்டை நீட்டுகிற மாதிரி.

உங்களை நான் மன்னிக்கவில்லை. நீங்களும் என்னை மன்னிக்க வேண்டாம். உங்கள் கொட்டகை எனக்கு வேண்டாம். கல்லூரிப் பின்புறம் சைக்கிள் நிறுத்தும் இடத்தையொட்டி ஒரு தகரக் கூரை கிடைத்திருக்கிறது. ஆறு தொட்டி வைத்துவிட்டேன். மீன் வந்துவிட்டது. ஏப்ரல் 6 முதல் எடை.

ஒரே ஒரு கேள்வி. எல்லாப் புத்தகமும் பார்த்துவிட்டேன், எங்கும் இல்லை. நன்னீரில் எடை எடுத்த பிறகு உப்பு போடாமல் விட்டால் எத்தனை சாகும்? அந்த எண் எனக்கு முன்கூட்டியே வேண்டும். இல்லாவிட்டால் பயந்துவிடுவேன்.

நாத்தனார்


ஏப்ரல் 2

உனக்கு,

இருபதுக்கு மூன்று.

நான் கல்யாணமாகி வந்த வருடம் இந்த உப்பு சமாச்சாரம் எனக்கும் தெரியாது. யாரும் சொல்லவில்லை. செத்ததை எண்ணி அடுக்களைச் சுவரில் கரியால் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். நான்கு மாதம். அதற்கப்புறம்தான் லாரி டிரைவர் பார்த்துவிட்டு, "ஏம்மா, ஒரு கை உப்பள்ளிப் போடத் தெரியாமலா மீன் வளக்கறீங்க?" என்று சிரித்தார். சுவரை இப்போது வெள்ளையடித்தாயிற்று. எண் மறக்கவில்லை.

முதல் நாள் ஒன்றும் ஆகாது. அண்ணி பயமுறுத்தியிருக்கிறாள் என்று நினைப்பாய். இரண்டாம் நாள் முதுகில் பஞ்சு ஒட்டினாற்போல வெள்ளையாகத் தெரியும். மூன்றாம் நாள் ஒன்று. நான்காம் நாள் இரண்டு. பிறகு நின்றுவிடும். உப்பில்லாத தீவனம் தின்கிற தொட்டியில் ஒன்று கூடினாலும் கூடும். அதை நான் எண்ணியதில்லை. நீதான் எண்ண வேண்டும்.

எடைக்கு முந்தின நாள் மாலையே தீனியை நிறுத்து. முடிச்சில்லாத வலை வாங்கு, பழைய வலையை அங்கே கொண்டுபோகாதே. கையை நனைத்துக்கொண்டு பிடி. நகத்தை வெட்டு. நீ நகம் வளர்க்கிறாய், பார்த்திருக்கிறேன். தொட்டிக்கு ஒரு ஈரத்துணி, காய விடாதே. இதெல்லாம் செய்தால் மூன்று இரண்டாகும். அதற்குக் கீழே போகாது.

உன்மேல் இருக்கும் கோபம் அப்படியே இருக்கிறது. உன் அண்ணனைப் பெட்ரோல் டாங்கின் மேல் கவிழ்த்ததை நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன். இது மீனுக்காக எழுதுவது.

மூன்றாம் நாள்தான் கஷ்டம். நீ தொட்டி ஓரம் நிற்பாய். அவை மூலையில் தலையை வைத்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடும். என்னவோ சொல்கிற மாதிரி இருக்கும். ஒன்றும் சொல்லவில்லை, மூச்சுக்குத் தவிக்கின்றன. பக்கத்துக் கடையில் உப்பு கிடைக்கும். எழுந்து போய் வாங்கிவர ஐந்து நிமிடம் ஆகாது. ஆறு தொட்டியும் மாலைக்குள் தேறிவிடும். யாருக்கும் தெரியாது. மீட்டருக்கும் தெரியாது.

போகாதே. அங்கேயே நில். செத்ததை எடு, எண்ணு, எழுது. உப்பைத் தொடாதே.

அண்ணி